பிரேக்கே இல்லாத பைக்... எட்டு பேருக்கும் ஒரே இன்ஜின்! ஜப்பான் ‘ஆட்டோ ரேஸ்’ல எதை நம்பி பணம் கட்டுறாங்க?

‘ஆட்டோ ரேஸ்’ என்றதும் மூன்று சக்கர ஆட்டோக்கள் சீறிப் பாயும் பந்தயம் என்று நினைத்துவிட வேண்டாம். ஜப்பானில் இந்தப் பெயரில் நடப்பது மோட்டார் சைக்கிள் பந்தயம். அதுவும் சட்டப்படி பொதுமக்கள் பணம் கட்டும் பந்தயம்!

பைக்கில் பிரேக் கிடையாது. நேர்ப்பாதையில் வேகமோ மணிக்கு சுமார் 150 கி.மீ. ஓட்டும் எட்டு பேருக்கும் ஒரே நிறுவனம் தயாரித்த இன்ஜின்தான். எல்லாமே ஒன்று என்றால், இவர்தான் ஜெயிப்பார் என்று எதை வைத்துப் பணம் கட்டுகிறார்கள்? வாங்க, பார்க்கலாம்.

எங்கே நடக்கிறது?

ஜப்பானில் குதிரை, சைக்கிள், படகு, மோட்டார் சைக்கிள் என நான்கு வகை பந்தயங்களில் மட்டும் சட்டப்படி பணம் கட்டலாம். இதில் மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்கான சட்டம் 1950-ல் வந்தது. அதே ஆண்டு ஃபுனபாஷி நகரில் முதல் பந்தயம் நடந்தது. அந்த மைதானம் 2016-ல் மூடப்பட்டுவிட்டது. இப்போது கவாகுச்சி, இசெசாகி, ஹமாமட்சு, இசுகா, சான்யோ ஆகிய ஐந்து இடங்களில் பந்தயம் நடக்கிறது.

ஓடுபாதை முட்டை வடிவத் தார்ச்சாலை. ஒரு சுற்று 500 மீட்டர். வழக்கமான பந்தயம் ஆறு சுற்று, அதாவது 3,100 மீட்டர். இரண்டு நிமிடத்துக்குள் ஆட்டம் முடிந்துவிடும்.

அந்த ‘ஒரே இன்ஜின்’ எது?

ஒரு காலத்தில் இங்கிலாந்தின் ட்ரையம்ஃப், ஜப்பானின் மெகுரோ என பலவகை இன்ஜின்கள் இந்தப் பந்தயத்தில் ஓடின. 1993-ல் எல்லாம் மாறியது. சுசூகி தயாரித்த ‘செயா’ என்ற இன்ஜினுக்கு அனைவரும் மாறினார்கள். 599 சிசி, இரண்டு சிலிண்டர், சுமார் 60 குதிரைத்திறன். புதிதாக வரும் வீரர்களுக்கு மட்டும் 500 சிசி வகையில் சற்று சின்ன இன்ஜின்.

கியர் இரண்டே இரண்டுதான். கிளம்பும்போது ஒன்று, கிளம்பிய பிறகு ஒன்று. அவ்வளவுதான்!

சரி, பிரேக் ஏன் இல்லை?

கேட்கவே பகீர் என்று இருந்தாலும், இது பாதுகாப்புக்காகத்தான். எட்டு பைக்குகள் உரசுகிற மாதிரி ஒட்டி ஓடும்போது, முன்னால் போகிறவர் திடீரென பிரேக் பிடித்தால் பின்னால் வருகிறவர் கதி என்ன? அதனால் ஆக்ஸிலரேட்டரைக் குறைத்துத்தான் வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும்.

பைக்கின் தோற்றமும் விசித்திரமாக இருக்கும். ஹேண்டில்பாரின் இடது பக்கம் மேலே தூக்கியும், வலது பக்கம் கீழே இறங்கியும் இருக்கும். பந்தயம் முழுக்க இடது பக்கமாகவே வளைவதுதான் காரணம். பைக்கை இடப்பக்கம் சாய்த்ததும் இரண்டு கைப்பிடியும் சம உயரத்துக்கு வந்துவிடும்.

டயரும் வழக்கமான வட்டமாக இல்லாமல், குறுக்கே வெட்டிப் பார்த்தால் முக்கோணமாக இருக்கும். சாயும்போது டயரின் அதிகப் பரப்பு தரையைப் பிடிக்க இது உதவுகிறது. இடது காலில் இரும்பு அடி வைத்த காலணி. வளைவில் அந்தக் காலைத் தரையில் உரசியபடிதான் திரும்புவார்கள்.

அப்போ வித்தியாசம் எங்கே வருது?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. இந்தப் பந்தயத்தில் வீரருக்குத் தனியாக மெக்கானிக் கிடையாது. பைக் வீரரின் சொந்தச் சொத்து. அதைப் பிரிப்பது, மாட்டுவது, டியூன் செய்வது எல்லாமே அவர் வேலைதான்.

இன்ஜின் ஒன்றாக இருந்தாலும், எந்த பிஸ்டனைப் போடுவது, கார்புரேட்டரை எப்படி வைப்பது, எந்த டயரை எடுப்பது என்ற முடிவெல்லாம் அவருடையது. காலையில் இருந்த வெயில் மாலையில் இருக்காது. தார்ச்சாலையின் சூடு மாறினால் டயரின் பிடிமானமும் மாறும். அதற்கேற்ப பைக்கையும் மாற்ற வேண்டும். தோற்றால் மெக்கானிக் மேல் பழி போட முடியாது!

பணம் கட்டுறவங்க எதைப் பார்க்கிறாங்க?

முக்கியமாக இரண்டு எண்கள். முதலாவது ‘ஹேண்டிகேப்’. திறமையான வீரர் மற்றவர்களுக்குப் பின்னால் 10, 20 மீட்டர் என தள்ளி நின்று கிளம்ப வேண்டும். எல்லோரும் ஒரே கோட்டில் கிளம்பும் பந்தயங்களும் உண்டு.

இரண்டாவது, சோதனை ஓட்ட நேரம். பந்தயத்துக்கு முன் ஒவ்வொருவரும் ஓட்டிக் காட்ட வேண்டும். 100 மீட்டருக்கு எத்தனை விநாடி என்று அது அறிவிக்கப்படும். ஒருவர் 3.30, இன்னொருவர் 3.32 என்று வைத்துக்கொள்வோம். 0.02 விநாடி ஒரு வித்தியாசமா என்று தோன்றும். ஆனால் 3,100 மீட்டருக்குக் கணக்குப் போட்டால் 0.62 விநாடி. அந்த வேகத்தில் அது ஏறக்குறைய 19 மீட்டர் தூரம். அதாவது 10 மீட்டர் பின்னால் கிளம்பினாலும், கணக்குப்படி முதலாமவர் எட்டிப் பிடித்துவிடலாம்.

கணக்குப்படிதான்! முன்னால் ஏழு பேர் வழியை மறித்து ஓடும்போது அந்த நேரத்தை அப்படியே எடுக்க முடியாது. மழை பெய்தால் வழக்கமான பாதையே வழுக்கும். மழையில் கில்லாடிகள் யார் என்பது வேறு கணக்கு.

மேட்ச் ஃபிக்சிங் நடக்காதா?

அதற்குத்தான் கெடுபிடி. பந்தயத்துக்கு முந்தைய நாளே வீரர்கள் மைதான விடுதிக்கு வந்துவிட வேண்டும். செல்போனை ஒப்படைத்துவிட வேண்டும். போட்டித் தொடர் முடியும் வரை வெளியுலகத் தொடர்பு கிடையாது. வீரர்கள் இந்தப் பந்தயத்தில் பணம் கட்டவும் தடை.

உயிரைப் பணயம் வைக்கும் ஆட்டம்

ஜப்பானின் புகழ்பெற்ற ‘ஸ்மாப்’ இசைக்குழுவில் இருந்தவர் கட்சுயுகி மோரி. உச்சப் புகழில் இருந்தபோது, 1996-ல் குழுவை விட்டு விலகி இந்தப் பந்தயத்துக்கு வந்தார். 2020 நவம்பரில் ஜப்பான் சாம்பியன்ஷிப் பட்டத்தை வென்றார். அடுத்த இரண்டே மாதத்தில், 2021 ஜனவரியில் நடந்த விபத்தில் இடுப்பெலும்பும் முதுகெலும்பும் முறிந்தன. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலான சிகிச்சைக்குப் பிறகு 2023 ஏப்ரலில் மீண்டும் பந்தயத்துக்குத் திரும்பினார்.

கட்டின பணம் என்னாகும்?

20 வயது நிரம்பியவர்கள் 100 யென்னில் இருந்து பணம் கட்டலாம். முதல் மூன்று இடங்களைச் சரியான வரிசையில் கணிப்பதும் ஒரு வகை. எட்டு பேர் ஓடினால் அதற்கு 336 வாய்ப்புகள்! அதில் ஒன்றுதான் சரி.

மொத்தமாக வசூலாகும் பணத்தில் 70 சதவிகிதம்தான் ஜெயித்தவர்களுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. மீதி 30 சதவிகிதம் பந்தயச் செலவு, பரிசுத்தொகை, நடத்தும் உள்ளாட்சி அமைப்பின் வருமானம் என போய்விடும். சராசரியாகப் பார்த்தால், 100 யென் கட்டினால் திரும்பி வருவது 70 யென்.

வீரர் எவ்வளவு கவனமாக பைக்கைப் பிரித்து மாட்டினாலும், ரசிகர் எவ்வளவு நுணுக்கமாக 0.01 விநாடியைக் கணக்குப் போட்டாலும், அந்த 30 யென் பந்தயம் தொடங்கும் முன்பே கையை விட்டுப் போய்விடுகிறது.