சத்தியம் போதாது, சீட்டு வேண்டும்

காணிப்பாக்கம் வரசித்தி விநாயகர் முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய சித்தூர்ப் பக்கத்தில் ஆள் கிடைப்பது அரிது. கொடுக்கல் வாங்கல் தகராறுகூட அங்கே தீர்ந்துபோகும். ஆனால், வளர்த்த நாய் தவறான சிகிச்சையால் செத்துப்போயிற்று என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் சத்தியம் செல்லாது, சீட்டு கேட்பார்கள். துக்கத்தில் இருப்பவர்கள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

வழக்குக்கு முன் சிகிச்சையைப் பார்ப்போம். நாய் சோறு வேண்டாமென்று ஒதுங்கினால் முதலில் ஈறைப் பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். வெளுத்தே கிடந்தால் உண்ணிக் காய்ச்சலாகவோ உள்ளே ரத்தக் கசிவாகவோ இருக்கலாம். காதுமடலுக்குள் உண்ணி இருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டில் இருக்கிறதே என்று பாராசிட்டமாலோ ஐபுப்ரோஃபெனோ கொடுத்துவிடாதீர்கள். கல்லீரல், சிறுநீரகம், குடல் என்று எதையாவது அது கெடுத்துவிடும். பெரிய நோய் என்றால் சித்தூரிலிருந்து ஏறக்குறைய 70 கி.மீ. தள்ளி, திருப்பதியில் 1955-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கால்நடைகளுக்கான நடமாடும் மருத்துவ ஊர்திக்கு ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் ஒரே எண், 1962. நாய்க்கும் வருவார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி, மனிதருக்கு வரும் ஆபத்து. தாடை தொங்கி, எச்சில் வடிய, விழுங்க முடியாமல் நாய் தவிக்கும்போது தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது என்று வாய்க்குள் கையை விடுகிறவர்கள் நிறைய. பாசத்தில் செய்வதுதான். ஆனால் வெறிநோயின் ஒரு வகை இப்படித்தான் வரும், குரைப்பதுமில்லை, துரத்துவதுமில்லை. அந்த எச்சில் கையிலுள்ள கீறலில் பட்டாலே போதும், கடிக்க வேண்டியதில்லை. உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அறிகுறி வந்தபின் பிழைப்பது அரிதினும் அரிது. பால் ஊட்டிய பாட்டி, முத்தம் கொடுத்த பிள்ளை என எல்லாரையும் கணக்கில் எடுங்கள்.

தீராத நோயில் துடிக்கும் நாயைக் கருணைக்கொலை செய்வது பாவமா என்பது அவரவர் மனசாட்சி. ஆனால் அதைப் பதிவுபெற்ற கால்நடை மருத்துவர்தான் செய்ய வேண்டும், கம்பவுண்டர் அல்ல. முதலில் மயக்கம் தருவாரா, எந்த மருந்து என்று கேளுங்கள்; சம்மதத்தை எழுத்தில் கொடுங்கள். இதயத்தில் ஸ்ட்ரிக்னின் ஏற்றிக் கொல்வது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பிரசாதம் தின்று பிழைத்துக்கொள்ளும் என்று நோயாளி நாயைக் கோயில் வாசலில் விட்டுவிட்டு வருவதும், அது பட்டினியில் வாடும் நிலை என்றால், அதே சட்டத்தில் குற்றம்தான். முதல் முறைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது வரை! ஒரு டீ, பஜ்ஜி காசு. விஷம் வைத்துக் கொன்றால் கதை வேறு: பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவு, ஐந்து ஆண்டு வரை சிறை. அப்படிச் சந்தேகம் இருந்தால் புதைக்க அவசரப்படாதீர்கள். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, பிரேதப் பரிசோதனை கேளுங்கள்.

நாய் இறந்ததாலேயே மருத்துவர் தவறு செய்தார் என்றாகிவிடாது. ஆனால் பணம் வாங்கிச் செய்த சிகிச்சையில் அலட்சியம் இருந்தால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். செலுத்திய கட்டணம் ஐந்து லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. உதவி எண் 1915. மருத்துவரின் நடத்தை பற்றிய புகார் மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலுக்கு. ஆகவே மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனை, பில், தடுப்பூசிப் புத்தகம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். நல்ல மருத்துவருக்கும் அதுதான் கவசம்.

“நாய்க்காகவா இப்படி அழுவாங்க?” என்று கேட்பவர்களுக்கு: திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கப் போராடி இறந்த வீரனோடு, கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்ற நாயும் அதில் இருக்கிறது. அழுகிறவர்களை விடுங்கள், அழட்டும். பிள்ளைகளிடம் “ஊருக்குப் போயிருக்கு” என்று சொல்லாமல் உள்ளதைச் சொல்லுங்கள்.

கடைசியாக, அடக்கம். இறந்த நாயைக் கிணற்றுக்கும் ஆற்றுக்கும் தள்ளி, மற்ற நாய்கள் தோண்ட முடியாத ஆழத்தில், சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். பார்வோ வைரஸ் நோயில் இறந்திருந்தால் அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தட்டு, தரை எல்லாவற்றையும் பிளீச்சிங் கரைசலால் கழுவுங்கள். தடுப்பூசித் தவணை முடியாத குட்டியை அந்த வீட்டுக்குள் இப்போது கொண்டுவர வேண்டாம்.