மீனாட்சியம்மையின் பாடல்கள்

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் இறப்பர்ப் பால் வெட்டுவோர் அதிகாலையிலேயே மரங்களை நாடிச் செல்வர். முற்காலத்தில் அவர்களுள் எழுத்தறிந்தோர் சிலரே. நூல் படிக்கப் பொழுதுதான் ஏது? இத்தகைய தோட்டத் தொழிலாளரின் நிலையை நன்குணர்ந்தவர், தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை. தாம் புனைந்த பாடல்களைக் கூட்டங்களில் தாமே பாடினார். 1940 இல் பாடல் நூலொன்றும் வெளியிட்டார்.

அப்பாடல்களின் கவர்ச்சி யாது? சங்கீத நுட்பமன்று. மக்கள் முன்னரே அறிந்த மெட்டில் அவர்தம் துயரமே சொல்லாக வந்தமர்ந்தது. 1939 இல் அரசாங்கம் இந்தியத் தினக்கூலிகளை வேலையினின்று நீக்க முற்பட்டது. அத்தகைய செய்தியைத் துண்டுப்பிரசுரம் கூறினால் படித்தவனே அறிவான். பாட்டாக வந்தாலோ, ஒருமுறை கேட்டவளும் லயத்துக்குத் திரும்பும் வழியில் முணுமுணுப்பாள். அதிலும், பெண்ணொருத்தி மேடையேறிப் பாடியது அந்நாளில் எளிய காரியமா?