கொழுந்தும் என்பும்

ஹட்டனிலிருந்து நுவரெலியா செல்லும் பாதையில் தலவாக்கலைக்கு அண்மையில் நின்று ஒரு தேயிலை மலையைச் சற்று நேரம் கவனியுங்கள். கொழுந்தெடுக்கும் பெண் செடியின்மேல் மட்டக்கம்பை வைத்து, அதற்கு மேலே எழுந்து நிற்கும் இரண்டு இலையையும் ஒரு மொட்டையும் மாத்திரம் கிள்ளி, தோளுக்கு மேலாக முதுகிலுள்ள கூடையில் எறிகின்றாள். கீழே கரும்பச்சையாய்த் தடித்து நிற்கும் முற்றிய இலையை அவள் தொடுவதில்லை. அது கொழுந்தோடு கலந்துவிட்டால் நிறுக்குமிடத்தில் ஏச்சுக் கேட்க நேரிடும். முற்றிய இலை தேயிலையின் சுவையைக் கெடுக்கும் என்பது தோட்டத்தார் கூறும் காரணம். அது மெய்யே. ஆனால் அவ்விலையை ஒதுக்குவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அக்காரணம் நம்முடைய எலும்புகளைப் பற்றியது.

தேயிலைச் செடி விசித்திரமான குணமுடையது. பெரும்பாலான பயிர்கள் வெறுக்கும் புளிப்பு மண்ணை அது விரும்புகின்றது. புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து நிற்கும். பிற பயிர்களின் வேரைக் கருக்கிவிடும் அவ்வுலோகத்தைத் தேயிலை தாராளமாக உறிஞ்சிக்கொள்கின்றது. அலுமினியத்தோடு இணைந்து மண்ணிலுள்ள புளோரைட்டும் வேர்வழியே மேலேறுகின்றது. இலைக்கு வந்த நீர் ஆவியாகிப் போகின்றது. நீரோடு வந்த புளோரைட்டு போக வழியின்றித் தங்கிவிடுகின்றது. ஆனையிறவு உப்பளத்தில் நீர் வற்ற உப்பு எஞ்சுவதை ஒத்தது இது. ஆகையால் இலைக்கு வயது ஏற ஏற அதிலுள்ள புளோரைட்டும் ஏறும். ஒரு கிலோகிராம் உலர்ந்த இளங்கொழுந்தில் நூற்றுக்கணக்கான மில்லிகிராம் காணப்படுமிடத்து, அதே செடியின் முதிர்ந்த இலையில் ஆயிரத்துக்கு மேலும் காணப்படலாம். செடியோ இதனால் யாதொரு துன்பமுமின்றிச் செழித்து நிற்கின்றது.

நம்முடைய எலும்பு அத்தகையதன்று. எலும்பின் உறுதிக்குக் காரணமாகிய கல்சியப் பளிங்குகளில் புளோரைட்டு எளிதாக இடம்பிடித்துக்கொள்ளும். உடலில் தங்கும் புளோரைட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலுமே இருக்கின்றது. எஞ்சியதைச் சிறுநீரகம் வெளியேற்றும். சிறிதளவு சேர்வதால் தீங்கில்லை, பல்லுக்கு நன்மையுமுண்டு. ஆண்டுக்கணக்கில் மிகுந்து சேருமாயின் எலும்பு அளவுக்கு மீறித் தடிக்கும். மூட்டுகளைப் பிணைக்கும் தசைநார்களில் சுண்ணாம்பு படியும். முதுகந்தண்டு மூங்கில்போல் விறைத்துப்போகும். தடித்த எலும்பு பலமான எலும்பென்று எண்ணிவிடலாகாது. 1990ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தார் ஓர் ஆய்வின் முடிவை வெளியிட்டனர். எலும்பு நலிந்த 202 முதிய பெண்களில் ஒரு பகுதியினருக்கு நான்கு ஆண்டுகள் சோடியம் புளோரைட்டு கொடுக்கப்பட்டது. அவர்களுடைய முதுகெலும்பின் அடர்த்தி நூற்றுக்கு 35 வீதம் கூடியது. ஆனால் கை, கால் முதலிய இடங்களில் முறிவு குறையவில்லை, கூடிற்று!

இந்நோயைத் தமிழகத்து வைத்தியர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர்ப் பகுதியில், கிணற்று நீரால் குனியவும் நிமிரவும் முடியாதுபோன கிராமத்தவரைப் பற்றி ஷோர்ட், மக்றொபேட், பார்னார்ட், மன்னாடி நாயர் ஆகிய நால்வர் 1937ஆம் ஆண்டில் எழுதினர். அங்கே குற்றவாளி நீர்.

தேயிலையே குற்றவாளியாக நின்றது திபெத்திலும் சீனத்தின் மேற்கு எல்லைப் புறங்களிலுமாகும். அங்குள்ள மக்கள் செங்கல்போல் அழுத்திய தேயிலைக் கட்டியை உடைத்து நெடுநேரம் கொதிக்கவைத்து, வெண்ணெயோ பாலோ சேர்த்து நாள் முழுதும் அருந்துவர். அக்கட்டி முற்றிய இலையாலும் காம்பாலும் செய்யப்படுவது. மலைநாட்டில் நாம் விலக்கும் இலையே அங்கு பானமாகின்றது! அங்கே பலருக்கு மூட்டு விறைத்தது; குழந்தைகளின் பற்களில் கறை படிந்தது. சீன அரசாங்கம் 2005ஆம் ஆண்டில், கட்டித் தேயிலையில் கிலோகிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் புளோரைட்டு இருத்தலாகாது என விதித்தது.

நல்ல கொழுந்தாலான தேயிலையும் அளவு மீறினால் நஞ்சே. அமெரிக்காவின் டெற்றொயிற் நகரில் 47 வயதுடைய பெண்ணொருவர் எலும்பு நோவோடு வைத்தியரிடம் வந்தார். நாடோறும் 100 முதல் 150 பொட்டலம் தேயிலையிட்டு ஒரு சாடித் தேநீர் தயாரித்து அருந்தி வந்திருக்கின்றார். அதுவும் பதினேழு ஆண்டுகள்! அவரைப் பற்றிய குறிப்பு 2013ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இனி நம் வீட்டுக் கோப்பைக்கு வருவோம். சாதாரணமாகக் காய்ச்சிய ஒரு லீற்றர் தேநீரில் ஏறக்குறைய ஒன்று முதல் நான்கு மில்லிகிராம் வரை புளோரைட்டு இருக்கும். சில தூள்களில் அதற்கு மேலும் இருக்கலாம். நாளொன்றுக்கு எல்லா வழியாலும் ஆறு மில்லிகிராமுக்கு மேல் உட்கொண்டால் எலும்புக்குத் தீங்கு நேரக்கூடுமென்றும், பதினான்கைத் தாண்டினால் தீங்கு தெளிவென்றும் உலகச் சுகாதார நிறுவனம் கருதுகின்றது. நாலைந்து கோப்பை அருந்துகின்றவர் அஞ்சவேண்டியதில்லை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் 1,256 முதிய பெண்களைப் பரிசோதித்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், தேநீர் அருந்துவோரின் எலும்பு அடர்த்தி அருந்தாதோரதைவிடச் சற்று மிகுந்தே காணப்பட்டது.

எனினும் சிலர் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். சிறுநீரகம் பழுதடைந்தவர் உடலில் புளோரைட்டு வெளியேறாது தேங்கும். மலைநாட்டு ஊற்று நீரில் புளோரைட்டு மிகக் குறைவு. ஆனால் அதே தேயிலை அநுராதபுரத்துக்கோ பொலன்னறுவைக்கோ சென்று, ஒரு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டிய கிணற்று நீரில் காய்ச்சப்படும்போது இரண்டும் கூடிவிடுகின்றன. லயங்களில் பால் கிடைக்காத வேளையில் கைக்குழந்தைக்குச் சாயத் தேத்தண்ணீரைப் புகட்டும் தாய்மார் உண்டு. பால் வாங்கக் காசிருந்தால் எந்தத் தாய் அவ்வாறு செய்வாள்? ஆயினும் நிலைப்பற்கள் உள்ளே உருவாகும் பருவம் அது. இரும்புச்சத்துச் சேர்வதையும் தேநீர் தடுக்கும். மலிவுத் தூளிலே புளோரைட்டு மிகுதியென்று இங்கிலாந்தின் டார்பி பல்கலைக்கழகத்தார் 2013ஆம் ஆண்டில் கண்டதையும் இங்கு நினைவுகூரலாம். விலை குறைந்த தூள் யார் வீட்டுக்குப் போகின்றது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்திலே 1925ஆம் ஆண்டில் தோன்றிய தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் வயல்கள் உள்ளன. செடியின் வேர், மண், நோய், கவ்வாத்து என்பவை பற்றி நூறாண்டுக்காலமாக ஆராயப்பட்டு வருகின்றன. கொழுந்தெடுப்பவளின் முதுகெலும்பு அத்தனை கவனத்தைப் பெற்றதென்று சொல்ல என் மனம் துணியவில்லை. தேயிலைத் தொழிலாளரிடையே நடந்த ஆய்வுகள் இடுப்பு, தோள், முழங்கால் நோவு பரவலாக இருப்பதைக் காட்டியுள்ளன. அந்நோவுக்கு ஏதுவாக நம் கண்ணெதிரே நிற்பது புளோரைட்டன்று. செங்குத்தான மலைச்சரிவும், மழையில் வழுக்கும் வடிகானும், தலையில் மாட்டிய கயிற்றிலே தொங்கும் கூடையும், அதனிடத்தில் இக்காலத்தில் வந்துள்ள சாக்குப்பையுமே. மாலையில் நிறுவைக்கு நிற்கும் வரிசையில் இடுப்பைக் கையால் தாங்கி நிற்பவர் எத்தனை பேர் என்று அடுத்த முறை அப்பக்கம் போகும்போது எண்ணிப் பாருங்கள்.