குளிர்காலக் கடலிற் சல்மன் வேட்டம்

சில காலத்துக்கு முன்னர், வகுப்பிலே மாணவர்க்குப் படமொன்றைக் காட்டி, அதனைப் பற்றிப் பத்து வாக்கியம் எழுதுமாறு பணித்தோம். படத்திலே மங்கிய வானம். அதன்கீழே பனி போர்த்த மலைத்தொடர். மலைக்கு இப்பால் சாம்பல் நிறக் கடல். கடலிலே ஒரு சிறு தோணி. தடித்த உடையணிந்த ஒருவர் தோணியின் விளிம்பிலே குனிந்து, வெள்ளிபோல ஒளிரும் மீனொன்றைத் தூண்டிலினின்று கழற்றி நீரிலே விட்டுக்கொண்டிருந்தார். மாணவர் பலரும் ‘மீனவர் மீன் பிடிக்கின்றார்’ என்றே எழுதினர். கரையோரக் கிராமத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் மாத்திரம் எழுந்து நின்று, “ஐயா, இவர் மீனைப் பிடிக்கவில்லை, விடுகிறார். இவ்வளவு குளிரிலே போய்ப் பிடித்த மீனை ஏன் விடவேண்டும்?” என்று வினாவினான். அவன் தந்தையார் கடற்றொழில் செய்பவர். பிடித்த மீனை விடுதல் என்பது அவன் வீட்டிலே அடுப்பெரியாமையைக் குறிக்கும். அன்று நாம் அவனுக்குக் கூறிய விடை அரைகுறையானது. அதனை இங்கே நிறைவுசெய்ய முயல்கின்றோம்.

அப்படம் ஐக்கிய அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள வாஷிங்டன் மாநிலத்துக் கடலைக் காட்டுவது. அங்கே பசிபிக் பெருங்கடல் நீரிணையொன்றின் வழியாக நிலத்தினுள்ளே புகுந்து, தெற்கே திரும்பி, பல கிளைகளாக விரிந்து கிடக்கின்றது. பழங்காலத்துப் பனியாறுகள் குடைந்த பள்ளங்களிலே கடல் நிறைந்தமையால் உண்டாயது இவ்வுட்கடல். 1792ஆம் ஆண்டிலே இதனை அளந்து படம் வரைந்த பிரித்தானியக் கப்பற்றலைவர் ஜோர்ஜ் வன்கூவர், தம் துணையதிகாரி பீற்றர் பியூஜெற் என்பாரின் பெயரை இதன் தென்பகுதிக்கு இட்டனர். நாளடைவில் முழு உட்கடலும் ‘பியூஜெற் சவுண்ட்’ என்றே வழங்கலாயிற்று. சியற்றில் நகரம் இதன் கரையிலேதான் உள்ளது.

உட்கடல் என்றவுடன் நம் மாணவர்க்கு நினைவில் எழுவது யாழ்ப்பாணத்துப் பரவைக்கடலாகும். ஆயின் இரண்டுக்கும் ஒப்புமை சிறிது, வேற்றுமை பெரிது. நமது பரவைக்கடலிலே பல இடங்களில் ஆள் நடந்தே செல்லலாம். பியூஜெற் சவுண்டின் மிக ஆழமான இடம் ஏறக்குறைய 280 மீற்றர் ஆகும். நம் கரையிலே கடல் ஏறுவதும் வற்றுவதும் ஒரு மீற்றருக்கும் குறைவு. சியற்றிற் கரையிலோ அது சராசரி மூன்றரை மீற்றர் அளவினது. இவ்வளவு நீரும் நாடோறும் ஒடுங்கிய வாயில்களினூடாகப் புகுந்து வெளியேறுதலால், அங்கே நீரோட்டம் ஆற்றுவெள்ளம் போன்று விரையும். அவ்வோட்டத்தின் போக்கை அறியாதவர்க்கு அக்கடலிலே மீன் அகப்படுதல் அரிது.

இனி மீனைப் பற்றிக் கூறுவாம். வட அமெரிக்காவின் பசிபிக் கரையிலே சல்மன் இனங்கள் ஐந்து உள. அவற்றுள் மிகப் பெரியது சினூக். இது ஆற்றின் பரற்கற்களிடையே முட்டையினின்று வெளிப்பட்டு, குஞ்சாயிருக்கும்போதே கடலை அடைந்து, சில ஆண்டுகள் அங்கே வளர்ந்து, பின்னர்த் தான் பிறந்த ஆற்றுக்கே மீண்டு, முட்டையிட்டு மடிவது. சினூக்குகளிற் பல பெருங்கடலுக்குச் சென்று வடதிசை நோக்கி நெடுந்தூரம் போய்விடும். ஒரு பகுதி மாத்திரம் பெருங்கடலுக்குச் செல்லாது உட்கடலிலேயே தங்கி இரைதேடி வளரும். இங்ஙனம் தங்கிய இளஞ்சினூக்கை அந்நாட்டார் ‘கருவாய்’ எனப் பொருள்படும் பெயரால் அழைப்பர். அதன் கீழ்த்தாடையிலே பற்கள் முளைக்கும் ஈறு கறுத்திருத்தலே அப்பெயர்க்குக் காரணம். அதே கடலில் வாழும் கோகோ சல்மனின் ஈறு வெளுத்திருக்கும். சினூக்கின் வால் முழுவதும் கரும்புள்ளிகள் பரந்திருக்கும். மீன் வேட்டம் கற்கத் தொடங்குவோன் முதலிற் கற்கும் பாடம் இவ்வேற்றுமையேயாம்.

குளிர்காலத்திலே கருவாய் பெரும்பாலும் 5 முதல் 12 இறாத்தல் நிறையுடையதாயிருக்கும். ஆற்றுக்கு மீளும் பெருமீன்கள் இரையெடுத்தலை நிறுத்திவிடும், கருவாயோ வளரும் பருவத்தது, இடையறாது தின்பது. அதன் தசை கொழுப்பேறிச் சுவை மிக்கதாயிருத்தலினாலேயே, பகற்பொழுது எட்டரை மணி நேரமேயாகச் சுருங்கும் மாரிநாளிலும் அதனை நாடி மக்கள் கடலுக்குச் செல்கின்றனர்.

அதனைத் தேடுவோர் முதலில் அதன் இரையைத் தேடுவர். நம் சாளையை ஒத்த ஹெறிங் என்னும் மீனும், விரல்போல மெலிந்து நீண்ட மணல்மீனும் அதன் முதன்மையான இரைகள். மணல்மீன் தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு அடித்தரை மணலுள்ளே புதைந்து கிடக்கும். அதனைக் கிளப்பித் தின்பதற்காகக் கருவாயும் தரையை ஒட்டியே திரியும். விட்பி தீவின் தென்முனைக்கு அப்பாலுள்ளது போன்ற நீரடித் திடல்களின் ஓரத்திலே ஓட்டம் சுழித்துத் தளரும். தளர்ந்த நீரிலே சிறுமீன்கள் கூடும். சிறுமீன் கூடுமிடத்திலே கருவாய் நிற்கும். ஏற்றம் வற்றமாகவோ வற்றம் ஏற்றமாகவோ மாறும் வேளையே இரைகௌவும் நல்வேளை என்பது அவர்தம் அனுபவம். ஆதலின், தோணிக்காரர் கையிலே கடல் ஏறிவற்றும் நேர அட்டவணை எப்போதும் இருக்கும்.

பிடிக்கும் முறை இரண்டு. ஒன்று இழுத்துச் செல்லுதல். தோணியின் பின்விளிம்பிலே சுழலுருளையொன்று பொருத்தப்பட்டிருக்கும். அதிலிருந்து இறங்கும் மெல்லிய உருக்குக்கம்பியின் நுனியிலே 10 முதல் 15 இறாத்தல் நிறையுள்ள ஈயக்குண்டு தொங்கும். தூண்டிற்கோலினின்று வரும் தங்கூசியைக் கம்பியிலே ஒரு கவ்வியாற் பிணைத்து, 90 முதல் 150 அடி வரையுள்ள ஆழத்திலே, தரைக்குச் சற்று மேலாகக் குண்டினை இறக்குவர். கவ்விக்குப் பின்னே ஏறக்குறைய ஓரடி நீளமான மினுங்குதகடு. அதன் பின்னே சிறுமீன் போன்ற உலோகத்தகடோ, கணவாய் போன்ற பொய்யிரையோ இருக்கும். தோணி மணிக்கு இரண்டு மூன்று கடல்மைல் வேகத்திலே ஊர, மினுங்குதகடு சுழன்று, இரைதின்னும் பெருமீன் ஒன்று புரள்வது போன்ற தோற்றத்தைத் தரும். மீன் கௌவியதும் கவ்வியினின்று தங்கூசி விடுபடும். அதுவரை வளைந்து நின்ற கோல் சட்டென நிமிர்ந்து பின்னர் நடுங்கும். தரை மேடுபள்ளமாயிருத்தலின், ஆழமறி கருவியை நோக்கிக்கொண்டே குண்டினை ஏற்றியும் இறக்கியும் வருதல் வேண்டும். கவனம் தவறின் குண்டு பாறையிற் சிக்கிவிடும்.

மற்றையது மிதந்து பிடித்தல். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, தலையைச் சாய்வாக வெட்டிய ஹெறிங்கைத் தூண்டிலிற் கோத்து, சிறிய ஈயத்துடன் தரைவரை இறக்கி, மெல்ல மேலே சுற்றுவர். சாய்வான வெட்டினால் இரை அடிபட்ட மீன்போலச் சுழன்று வரும். இம்முறைக்குக் கருவி குறைவு. பொறுமை அதிகம் வேண்டும்.

இவ்விடத்திலே குளிரின் கொடுமையையும் கூறாது விடலாகாது. குளிர்காலத்திலே அந்நீரின் வெப்பநிலை ஏறக்குறைய 8 பாகை செல்சியசு ஆகும். குளிர்நீர் விபத்துக்களை ஆராய்ந்தோர் இதற்கு ஒரு நினைவுச்சூத்திரம் வகுத்துள்ளனர்: ஒன்று, பத்து, ஒன்று. விழுந்தவனுக்கு மூச்சை அடக்கி நிலைப்படுத்த ஒரு நிமிடம். கைகால்கள் பயன்பட இயங்கப் பத்து நிமிடம். உடற்சூடு குறைந்து உணர்விழக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம். மிதப்பங்கி அணியாதவன் பெரும்பாலும் அந்த ஒரு மணி நேரத்தைக் காண்பதில்லை. கைகள் விறைத்தவுடனே மூழ்கிவிடுகின்றான். சிறுதோணியிற் செல்வோர் மிதப்பங்கியைத் தோணியில் வைத்திருத்தல் போதாது, அணிந்திருத்தல் வேண்டும் என்பர். இவ்வறிவுரை நம் கடலுக்கும் பொருந்துவதே.

இவ்வளவு இடருற்றுப் பிடித்த மீனை ஏன் விடுகின்றனர்? மாணவனின் வினாவுக்கு இப்போது வருவாம்.

சல்மனின் முதுகிலே, பெருஞ்செட்டைக்கும் வாலுக்கும் இடையில், எலும்பில்லாத சிறு கொழுப்புச்செட்டை ஒன்று உண்டு. பொரிப்பகங்களிலே வளர்த்து விடப்படும் குஞ்சுகளிற் பெரும்பாலனவற்றின் கொழுப்புச்செட்டையை விடுமுன்னரே வெட்டிவிடுவர். ஆகவே, அச்செட்டை இல்லாத மீன் மனிதர் வளர்த்தது. செட்டை உள்ள மீன் ஆற்றிலே தானாகப் பிறந்ததென்று கொள்ளப்படுவது. குளிர்கால வேட்டத்திலே முன்னதை வைத்துக்கொள்ளலாம். அதுவும் 22 அங்குலத்துக்குக் குறையாதிருத்தல் வேண்டும். பின்னதை விட்டுவிடல் வேண்டும். அதனைத் தோணிக்குள் ஏற்றவும் விதி இடந்தருவதில்லை. தூண்டிலுக்கு எதிர்முள் இருத்தலும் ஆகாது. மீனை நீரிலேயே வைத்துக்கொண்டு, கொளுக்கியுள்ள சிறுகோலினால் தூண்டிலைக் கழற்றிவிடுவதே முறை. படத்திலே கண்டவர் செய்தது அதுவேயாம்.

இவ்விதிகள் வீணே எழுந்தனவல்ல. ஆறுகளுக்குக் குறுக்கே அணைகள் எழுந்தன, கரைக்காடுகள் வெட்டப்பட்டன, குஞ்சுகள் தங்கி வளரும் கழிமுகச் சேற்றுநிலங்கள் வரம்பிட்டு மூடப்பட்டன, மீன்பிடியும் மிகுந்தது. இவற்றால் இயற்கையிற் பிறக்கும் சினூக் குன்றி, 1999ஆம் ஆண்டிலே அழிவபாயமுள்ள இனங்களைக் காக்கும் சட்டத்தின்கீழ்ச் சேர்க்கப்பட்டது. சினூக்கையே முதன்மையான உணவாகக் கொண்டு அக்கடலுக்கு வரும் ஓர்க்காத் திமிங்கிலக் கூட்டமும் 2005இல் அவ்வாறே சேர்க்கப்பட்டது. அக்கூட்டத்தின் தொகை அண்மை ஆண்டுகளில் எண்பதுக்கும் குறைவாகவே உள்ளது.

மீன்மீது உரிமை கொண்டாடுவோர் தோணிக்காரர் மட்டுமல்லர். 1854, 1855ஆம் ஆண்டுகளில் அந்நிலத்துப் பழங்குடியினர் தம் நிலத்தின் பெரும்பகுதியை அரசுக்கு விட்டுக்கொடுத்தபோது, வழக்கமான இடங்களில் மீன்பிடிக்கும் உரிமையைத் தமக்கென ஒப்பந்தத்திலே நிலைநிறுத்தினர். அவ்வுரிமை நெடுங்காலம் மதிக்கப்படவில்லை. 1974இல் நீதிபதி ஜோர்ஜ் போல்ற், பிடிக்கத்தக்க மீனிலே பாதிவரை அவர்க்குரியதெனத் தீர்ப்பளித்தார். 1979இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பின் சாரத்தை உறுதிசெய்தது. பின்னாளில் மாநில அரசும் பழங்குடி அரசுகளும் ஆண்டுதோறும் கூடியிருந்தே மீன்பிடிப் பருவத்தை வகுத்து வருகின்றன.

ஈண்டு நுட்பமான செய்தியொன்று உண்டு. விட்ட மீன் எல்லாம் பிழைப்பதில்லை. தூண்டில் ஆழப் பாய்ந்தும், செதில் உதிர்ந்தும் சில மடிகின்றன. ஆதலால் வைத்த மீனை மட்டுமன்றி, விட்ட மீனையும் அதிகாரிகள் கணக்கிலே சேர்க்கின்றனர். குறித்த தொகை நிரம்பியதும் பருவம் மூடப்படும். சிறுமீன்கள் மிகுந்த ஆண்டிலே அவை அடிக்கடி தூண்டிலிற் பட்டு, ஒருவரும் அதிகம் உண்ணாமலே பருவம் முடிந்துவிடுதலும் உண்டு. முன்னர் மாரி முழுவதும் திறந்திருந்த இடங்கள் பல இப்போது சில வாரங்களே திறக்கின்றன. சிலவிடங்கள் குளிர்காலத்திலே திறக்கப்படுவதேயில்லை. ஆகையால் நல்ல தோணிக்காரர், சிறுமீன் தொடர்ந்து கௌவுமாயின், தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறிடம் பெயர்வர். விடுதலினும் படாமற் காத்தல் மேல் என்பதை அவர் உணர்ந்துள்ளனர்.

பலன் அறவே இல்லையென்றும் கூறல் இயலாது. எல்வா என்னும் ஆற்றின் குறுக்கே நின்ற இரண்டு பேரணைகள் 2011 முதல் 2014 வரையில் அகற்றப்பட்டன. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாக அடைபட்டிருந்த மேலாற்றுக்குச் சினூக் மீண்டும் ஏறிச் செல்கின்றது.

படத்திலுள்ளவர்க்கு மீன் பிடித்தல் விருப்பத் தொழில். விட்டாலும் அவர் இல்லத்திலே உணவுண்டு. நம் மாணவனின் தந்தையார் நிலை வேறு. வயிற்றுக்காகக் கடலேறுவாரை நோக்கி ‘விட்டுவிடுக’ என்று உபதேசிப்பது எளிது, நீதியாகாது. பழங்குடியினர் நீதிமன்றத்திலே நின்று வாதித்ததும் இந்நீதிக்காகவேயாம். எனினும், ஆற்றிலே பிறந்த அம்மீன் மறுபடியும் ஆறேறி முட்டையிட்டாலன்றி நாளைக்கு மீனில்லை என்பது இருவர்க்கும் பொதுவான உண்மை. மாணவன் கேட்ட வினாவுக்கு நாம் அன்று சொல்லத் தவறிய விடை இதுவே. அவன் இன்று உயர்வகுப்பிலே விலங்கியல் கற்கின்றான். இம்மலர் அவன் கைக்கும் சேரும். படித்துவிட்டு மறுபடியும் ஒரு வினாவோடு வருவானாயின் பெரிதும் மகிழ்வோம்.