விலை குறைந்த மண்ணின் முழு விலை

"ஐயா, பொள்ளாச்சிப் பக்கம் ஏக்கர் விலை கேட்டா தலை சுத்துது. ராமநாதபுரத்துல சல்லிசா கிடைக்குதாமே, வாங்கலாமா?" வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மானாமதுரைக்குத் தெற்கே நான் மண்வெட்டி பிடித்த நாளிலிருந்து இந்தக் கேள்வி வராத மாதம் இல்லை. கேட்பவர்களில் பலர் இயற்கை விவசாயத்துக்கு வர ஆசைப்படும் இளைஞர்கள். சிலர் என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள். கையில் இருப்பது ஒரே ஒரு சேமிப்பு, போனால் திரும்பாது. அதனால் 'வாங்குங்க', 'வேண்டாம்' என்று ஒரே வார்த்தையில் முடிக்க எனக்கு மனம் வருவதில்லை. இந்த வழியில் முன்னே போனவர்கள் கதையைத்தான் சொல்வேன்.

கமுதிக்கு வந்த பஞ்சாபிகள்

ராமநாதபுரம் மாவட்டம் கமுதி வட்டத்தில், அபிராமம் பக்கத்தில் இருக்கிறது வல்லந்தை. 2007 வாக்கில் பஞ்சாபிலிருந்து சீக்கிய விவசாயிகள் சிலர் இங்கே வந்து நிலம் வாங்கினார்கள். ஊரே சீமைக்கருவேலங்காடு. 'தண்ணியில்லாக் காடு' என்று நம்ம ஆட்களே மாறுதலுக்குப் பயப்படும் பூமி. அங்கே ஒரு ஏக்கரை விற்ற பணத்துக்கு இங்கே பல ஏக்கர் கிடைத்தது. இன்றைக்கு அங்கே மா, கொய்யா, நெல்லி, தென்னை எல்லாம் நிற்கின்றன.

கோதுமை விளையும் ஊரை விட்டு இவ்வளவு தூரம் ஏன் வரவேண்டும்? வேலையில் இருந்தபோது, பதவி உயர்வு மாறுதலில் மூன்று ஆண்டுகள் பஞ்சாபில் ஒரு கிளையில் இருந்தேன். விவசாயக் கடன் பிரிவு. அப்பாவுக்கு இருபது ஏக்கர் இருக்கும். மூன்று பிள்ளைகளுக்குப் பிரித்தால் ஆளுக்கு ஆறே முக்கால் கூட வராது. இன்னும் நாலு ஏக்கர் சேர்க்கலாம் என்றால் விலை கைக்கு எட்டாது. நெல்லும் கோதுமையும் மாறி மாறிப் போட்டதில் நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போனது. பழைய மோட்டாரைத் தூக்கிவிட்டு ஆழ்குழாய்க்குப் புது மோட்டார் இறக்கக் கடன் கேட்டு வருவார்கள். சில வருடம் கழித்து அதே ஆள் மறுபடி வருவார்.

மண்ணின் விலை ஏறிக்கொண்டே போகும். மண்ணிலிருந்து வரும் வருமானம் அதற்கு ஈடாக ஏறாது. அந்த நிலைமை வந்த பிறகு, விளைச்சலை நம்பி யாரும் புதிதாக நிலம் வாங்க முடியாது. வெளியே போவதுதான் வழி என்று சில குடும்பங்கள் முடிவெடுத்ததில் ஆச்சரியம் இல்லை.

விலை ஏன் குறைவு?

ஆனால் இங்கே மண் சும்மா மலிவாகக் கிடைக்கவில்லை. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் மரம் சீமைக்கருவேலம். வேரோடு தோண்ட ஜேசிபி வேண்டும். அதற்குப் பிறகும் மண்ணில் கிடக்கும் விதை ஒவ்வொரு மழைக்கும் முளைக்கும். மாவட்டத்தின் மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மூச்சாகக் கொட்டி முடிந்துவிடும். பல இடங்களில் நிலத்தடி நீர் உவர். அதனால்தான் நம் முன்னோர் இங்கே கிணற்றை நம்பாமல் கண்மாயையும் ஊருணியையும் வெட்டி வைத்தார்கள். புழுதியில் நெல்லை விதைத்து மழைக்குக் காத்திருந்தார்கள். முண்டு மிளகாய் போட்டார்கள்.

பஞ்சாபிகள் கொண்டுவந்தது பணம் மட்டுமில்லை. காட்டைத் திருத்தினார்கள். சொட்டுநீர் போட்டார்கள். மரம் காய்க்கும்வரை பொறுத்தார்கள். முக்கியமாக, தனி ஆளாக வராமல் கூட்டாக வந்தார்கள். பாஷை தெரியாத ஊரில் ஒருவருக்கொருவர் துணை இருந்தது. இதைப் பார்க்காமல் 'அவங்க வாங்குனாங்க, நாமளும் வாங்கலாம்' என்று கிளம்புவதுதான் எனக்குக் கவலை.

மலபார் சொல்லும் பாடம்

இது புதுக் கதையும் இல்லை. 1920-களிலிருந்து திருவிதாங்கூர் சமஸ்தானத்து விவசாயிகள் மலபாருக்குக் குடியேறினார்கள். அப்போது மலபார் நம் சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். சொந்த ஊரில் நிலம் நெருக்கடி, விலை அதிகம். அங்கே இருந்த கொஞ்சத்தை விற்று வந்து இங்கே மலையடிவாரத்தில் ஏக்கர் ஏக்கராக வாங்கினார்கள். வாங்கிய விலையில் சேராத செலவு ஒன்று காத்திருந்தது: மலேரியா. குடும்பம் குடும்பமாகச் செத்தார்கள். எஸ்.கே. பொற்றெக்காட்டின் 'விஷகன்னி' நாவல் அந்தக் குடியேற்றத்தைப் பற்றியதுதான். தப்பியவர்கள் மரவள்ளியும் மிளகும் ரப்பரும் வைத்து நிமிர்ந்தார்கள். ஆனால் அந்தக் காடு காலியாக இருந்ததில்லை. தலைமுறைகளாக அதில் வாழ்ந்த ஆதிவாசிகள் நிலம் இழந்தார்கள். வயநாட்டில் அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. விலை குறைந்த நிலம் என்றால் ஆளில்லா நிலம் என்று அர்த்தமில்லை.

சட்டத்தையும் பாருங்கள்

வேறு மாநிலம் போகிறவர்கள் அங்குள்ள நிலச் சட்டத்தை முதலில் படிக்க வேண்டும். குஜராத்தின் கட்ச் பகுதியில் 1960-களில் குடியேறிய சீக்கிய விவசாயிகளின் நிலக் கணக்குகளை, வெளிமாநில விவசாயிகள் என்று சொல்லி 2010-ல் அரசு முடக்கியது. 2012-ல் உயர் நீதிமன்றம் விவசாயிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஒரு தலைமுறை உழுத பிறகு வந்த வழக்கு அது! கர்நாடகத்தில் விவசாயி அல்லாதவர் விளைநிலம் வாங்க இருந்த தடை 2020 திருத்தத்தில்தான் நீங்கியது. இமாசலப் பிரதேசத்தில் இன்றும் அரசு அனுமதி வேண்டும்.

தமிழ்நாட்டில் அந்தத் தடை இல்லை. ஆனால் நில உச்சவரம்பு உண்டு: ஐந்து பேர் குடும்பத்துக்கு 15 ஸ்டாண்டர்டு ஏக்கர். பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று, புலப்படம் எல்லாவற்றையும் நேரில் வாங்கிப் பாருங்கள். தரகர் காட்டும் ஜெராக்ஸ் போதாது. நிலம் பஞ்சமி நிலமா, அரசு நிபந்தனையோடு ஒப்படை செய்ததா என்று விசாரியுங்கள். அப்படியென்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தொடாதீர்கள். அது வேறொருவரின் உரிமை.

மூன்று பங்குக் கணக்கு

வங்கியில் மாந்தோப்புக்குக் கடன் கொடுத்தால் முதல் சில வருடம் தவணை கேட்க மாட்டோம். மரம் காய்க்கும்வரை அவகாசம் கொடுப்போம். நிலம் வாங்குகிறவர் அதே அவகாசத்தைத் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ள வேண்டும். நான் சொல்லும் கணக்கு இதுதான்: கையில் 30 லட்சம் இருந்தால், பத்திரச் செலவையும் சேர்த்து நிலத்துக்கு 10. வேலி, பண்ணைக்குட்டை, வரப்பு, மண்ணைத் தேற்றுவதற்கு 10. மூன்று வருடம் வீட்டில் அடுப்பெரிய 10. முப்பதையும் மண்ணில் போட்டவர் இரண்டாவது வருடமே விற்கத் தேடுகிறார். சல்லிசாகக் கிடைக்கும் நிலத்தில் பாதி அப்படி வந்ததுதானோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

என் ஆறு ஏக்கரில் முதல் வருடம் நான் வருமானத்துக்கு எதுவும் விதைக்கவில்லை. வரப்பை உயர்த்தினோம். தாழ்ந்த மூலையில் குட்டை வெட்டினோம். மழைக்குத் தக்கைப்பூண்டு விதைத்துப் பூவில் மடக்கி உழுதோம். அடுத்த வருடம் பலதானியம். அதற்குப் பிறகுதான் நெல். நம்மாழ்வார் ஐயா கரூர் மாவட்டம் கடவூரில் வானகத்துக்குத் தேர்ந்தெடுத்ததும் வறண்ட பூமிதான். மூடாக்கும் மரமும் மழைநீரும் சேர்ந்தால் மண் திரும்பும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் மண் நம் அவசரத்துக்குத் திரும்பாது.

வாங்குவதற்கு முன் ஒரு சித்திரையும் ஒரு ஐப்பசியும் அந்த ஊரில் தங்குங்கள். ரெண்டு மாச வாடகை பெரிய செலவில்லை. கோடையில் தண்ணீர் எங்கே இருக்கிறது, மழையில் எங்கே நிற்கிறது என்று கண்ணால் பாருங்கள். கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். கண்மாய் மராமத்துக்கு ஊர் கூடும்போது நீங்களும் மண்வெட்டியோடு போங்கள்.

இன்னொன்று. விற்கிறவரை அந்நியமாக நினைக்காதீர்கள். மழை பொய்த்து, பிள்ளைகள் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய், வேறு வழியில்லாமல்தான் அவர் கையெழுத்துப் போடுகிறார். எந்த மூலையில் உவர் பூக்கும், எந்த வரப்பு உடையும், எந்த நெல் அந்த மண்ணுக்குத் தாங்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். பத்திரம் முடிந்ததும் அவரை அனுப்பிவிடாமல் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பேரம் பேசாமல் நல்ல கூலி கொடுங்கள். புது மண்ணில் உங்களுக்கு முதல் வாத்தியார் அவர்தான்.