இமயத்துக் கொடியும் மயிலாப்பூர் மதிலும்

உதகமண்டலத்துக் கருங்கற் சுவர்களின் இடுக்குகளிலிருந்து வழிந்து, சுண்டைக்காயளவு உருண்ட இளஞ்சிவப்புப் பூங்கொத்துகளைத் தாங்கி, இலைதோறும் கூர்ந்த கருந்தடம் ஒன்றைப் பூண்டு படரும் சிறு கொடியை, கோடைக்கு மலையேறும் சென்னைவாசிகள் பலர் பார்த்திருப்பார்கள். நீலகிரியின் சொந்தப் பிரஜைபோல் தோன்றும் அது, உண்மையில் இமயமலைச் சரிவுகளுக்கு உரியது. அழகுக்காகத் தோட்டங்களில் வைக்கப்பெற்று, வேலி தாண்டி வெளியேறியது. பெர்சிகாரியா கேபிடேட்டா என்பது அதன் சாஸ்திரப் பெயர்.

1800 ஏப்ரலில் நம் சென்னையிலிருந்து புறப்பட்டு, மைசூர், மலையாள தேசங்களைச் சுற்றிவந்து விரிவாக எழுதிய பிரான்சிஸ் புக்கானன் என்ற வைத்தியரே, 1802-ல் நேபாளம் சென்று அங்குள்ள தாவரங்களைச் சேகரித்தவர். அவர் திரட்டியவற்றையும் ஆதாரமாகக் கொண்டு டேவிட் டான் 1825-ல் வெளியிட்ட நேபாளத் தாவர நூலில்தான் இக்கொடி முதன்முதலில் வர்ணிக்கப்பட்டது.

இக்கொடியின் குடும்பத்துப் பூக்களுக்கு அல்லி வேறு, புல்லி வேறு என்ற பேதமில்லை. நிறம் பெற்ற இதழ்களே இருவேலையும் பார்த்து, உதிராமல் நின்று, முதிரும் காயைப் போர்த்திக்கொள்வதால், பூத்து முடிந்த பின்னும் கொத்து பூத்தது போலவே விளங்குகிறது. நீரோரத்தில் வளரும் இதன் உறவான ஆற்றலரியைப் பறித்துப் பார்த்தால், கணுதோறும் தண்டைச் சுற்றிய மெல்லிய சவ்வுறையாகிய மற்றொரு குடும்ப அடையாளமும் புலப்படும்.

மலைக்கொடியைத் தொட்டியில் கொணர்ந்து தியாகராயநகர் மாடியில் வைப்போர் ஏமாறுவதற்குப் பகல் வெயில் மட்டும் காரணமன்று. குளிர்ந்த இரவுகளுக்குப் பழகிய செடி, மே மாதத்து வெப்பம் தணியாத இரவுகளில், பகலெல்லாம் ஈட்டிய உணவைச் சுவாசத்திலேயே பெரிதும் செலவழித்துவிடுகிறது.

மயிலாப்பூர், அடையாறு மதில்களுக்கு ஏற்றது இதன் மெக்சிகோ உறவான கொடி ரோஸ்தான். பூங்கொத்தின் நுனியையே பற்றுக்கம்பியாக்கி ஏறும் அக்கொடி, மண்ணுக்குள் கிழங்கு வைத்திருப்பதால் வறட்சிக்கு அஞ்சாது. தேனீக்களுக்கும் அதன்மேல் அலாதிப் பிரியம். ஆனால் இதழ் போர்த்த அதன் காய்கள் மழைநீரில் மிதந்து சென்று, அயலார் மனையிலும் குடியேறும். வேண்டாமென்று தோன்றினால் கிழங்கைத் தோண்டியெடுக்க வேண்டும்; கொடியை மட்டும் அறுத்தால் அடுத்த மழைக்கே தழைத்துவிடும்.