நுவரெலியாக் குளிரும் இலண்டன் குளிரும்

குளிர் இன்னதென்று நுவரெலியாவிலும் ஹற்றனிலும் வாழ்வோருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தை மாதத்து விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் நின்றவர்களும், பனி படிந்த செடிகளினூடே முழங்கால் நனைய நடந்தவர்களும் குளிரை ஏட்டில் படித்து அறிந்தவர்கள் அல்லர். ஆகவே, கல்வியின் பொருட்டோ, உறவினரைக் காணும் பொருட்டோ, மார்கழி தை மாதங்களில் மலையகத்திலிருந்து இலண்டன் மாநகருக்குப் புறப்படுகின்ற ஒருவர், "நமக்குப் பழகிய குளிர்தானே" என்று எண்ணிக்கொள்வது இயல்பே. அந்த எண்ணத்திற் பாதி மெய். மறுபாதி அங்கே இறங்கிய முதல் நாளே பொய்த்துவிடும். எது மெய், எது பொய் என்பதைச் சற்று விரித்துரைப்பதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

முதலில் வெப்பமானி காட்டுவதைப் பார்ப்போம். இலண்டனில் தை மாதத்துப் பகற்பொழுது ஏறக்குறைய 8 பாகை செல்சியஸ். இரவில் அது 2 அல்லது 3 பாகைக்கு இறங்கும். கடல் மட்டத்திற்கு மேல் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலும் அதே மாதத்துத் தெளிந்த இரவுகளில் நிலம் உறைநிலையைத் தொடுவதுண்டு. புல்லின்மேல் வெண்பனி பூத்துக் கிடப்பதை நாம் கண்டிருக்கிறோம். அந்த விடியற்காலை வேளையை மட்டும் வைத்து நோக்கினால் இரண்டு ஊர்களுக்கும் பெரிய வேற்றுமை இல்லை. சில நாட்களில் நம்முடையதே கடுமையானது என்றுகூடச் சொல்லலாம்.

வேற்றுமை காலை ஒன்பது மணிக்குத் தொடங்குகின்றது. நுவரெலியாவிற் கதிரவன் மலைக்கு மேலே வந்ததும் பனி உருகிவிடும். நண்பகலில் வெயில் 20 பாகை வரை ஏறும். கம்பளியைக் கழற்றித் தோளிற் போட்டுக்கொள்கிறோம். நமது குளிர் இரவின் குளிர். இலண்டன் குளிரோ பருவத்தின் குளிர். மார்கழி நடுவில், டிசம்பர் 21ஆந் திகதியளவில், அங்கே கதிரவன் எழுவது காலை 8 மணி 4 நிமிடத்திற்கு. மறைவது பிற்பகல் 3 மணி 53 நிமிடத்திற்கு. எட்டு மணி நேரங்கூட நிரம்பாத பகல் அது. அந்தப் பகலிலும் கதிரவன் உச்சிக்கு வருவதில்லை. நண்பகலில் அது அடிவானத்திலிருந்து 15 பாகைக் கோணமளவே உயர்ந்து, வீட்டுக் கூரைகளை உராய்ந்தாற்போற் சென்று மறைந்துவிடும். அதே நாளில் நுவரெலியாவின் நண்பகற் கதிரவன் ஏறக்குறைய 60 பாகை உயரத்தில் நிற்கும். இலண்டன் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஐம்பத்தொன்றரைப் பாகையிலும், நுவரெலியா ஏழு பாகையிலும் இருப்பதே இதற்குக் காரணம். சாய்ந்து விழும் ஒளி பரந்த நிலத்தின்மேற் பகிர்ந்து விழுகிறது. ஆகையால் அதிற் சூடு இல்லை. மேகம் மூடிய நாட்களில் அந்த ஒளியும் சாம்பல் நிறமாகிவிடும். புதிதாகச் சென்ற நம்மவர் பலர் வாடிப்போவது குளிரினால் அன்று, வெயிலைக் காணாமையினால்.

வானொலி நேயர்களுக்கு இதை வேறொரு வகையிலும் விளக்கலாம். 1941ஆம் ஆண்டில் இலண்டன் பி.பி.சி. நிலையம் தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. இலங்கை வானொலியிற் பணியாற்றிய சோ. சிவபாதசுந்தரம் அவர்கள் அங்கே இருந்த காலத்தில் அதற்குத் "தமிழோசை" என்ற பெயரைச் சூட்டினார்கள். 2017ஆம் ஆண்டில் அதன் சிற்றலை ஒலிபரப்பு நிற்கும் வரை, பல ஆண்டுகள் இரவு ஒன்பதேகால் மணிக்கு நம்மவர்கள் அதற்காகக் காத்திருந்தார்கள். லயத்து இஸ்தோப்பிலே வானொலிப் பெட்டியைச் சூழ்ந்திருந்தோருக்கு அது உறங்கப் போகும் நேரம். அதே கணத்தில் இலண்டனிற் பிற்பகல் மூன்றேமுக்கால் மணி. மார்கழி மாதமாயின் அங்கும் இருள் இறங்கிக்கொண்டிருக்கும். நமது நள்ளிரவை நோக்கிய இருளும் அவர்களது பிற்பகல் இருளும் ஒன்றாய்க் கலந்த வேளையிலேதான் அந்தக் குரல் நமக்கு வந்து சேர்ந்தது.

இனி, பனியைப் பற்றி. இலண்டனிற் குளிர்காலம் முழுதும் வெண்பனி கொட்டிக் கிடக்கும் என்று படங்களைப் பார்த்து நம்புகிறோம். உண்மையில் ஆண்டுக்குச் சில நாட்களே வெண்பனி விழும். அதுவும் பெரும்பாலும் விரைவிற் கரைந்து சேறாகிவிடும். அத்திலாந்திக்கு மாகடலின் வெந்நீரோட்டமும் மேல்காற்றும் அந்நாட்டைக் காப்பதே காரணம். இலண்டனுக்குத் தெற்கேயுள்ள கனடா நாட்டு மொன்றியல் நகரிற் குளிர் பல மடங்கு கொடியது. இலண்டனில் நாம் எதிர்பார்க்க வேண்டியது தூறல் மழையும் ஈரக்காற்றும். நனைந்த துணியோடு 5 பாகையில் நிற்பது, உலர்ந்த காற்றில் உறைநிலையில் நிற்பதிலும் வருத்தமானது. தூறலிற் கொழுந்து பறித்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று.

மூடுபனியோ வேறு கதை. நுவரெலியாவிலே பள்ளத்திலிருக்கும் தேயிலை உறைபனியிற் கருகியிருக்க, அதற்கு மேலே சரிவிலிருக்கும் செடி பச்சையாய் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தெளிந்த, காற்றில்லாத இரவில் நிலம் வெப்பத்தை இழக்கின்றது. நிலத்தைத் தொட்ட காற்று குளிர்ந்து, பாரமாகி, நீரைப்போலவே பள்ளத்தை நோக்கி வழிகின்றது. அதன்மேல் வெப்பமான காற்று ஒரு மூடியைப்போல் அமர்ந்துவிடும். இதே மூடிதான் 1952ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆந் திகதி தேம்ஸ் நதிப் பள்ளத்தாக்கின்மேல் வந்தமர்ந்தது. அந்நாளில் இலண்டனில் வீடுதோறும் நிலக்கரிக் கணப்பு, கணப்புத்தோறும் புகைபோக்கி. மேலெழ வழியற்ற புகை மூடுபனியோடு கலந்து ஐந்து நாட்கள் நகரத்தை அழுத்திற்று. பேருந்துகள் நின்றன, நிலக்கீழ் இரயில் மட்டும் ஓடிற்று. நாடகசாலைக்குள்ளும் புகை புகுந்து, மேடை தெரியாமையால் ஆட்டத்தை நிறுத்தினார்கள். அந்த நாட்களில் இறந்தோர் 4,000 பேர் என முதலிற் கணக்கிட்டார்கள். பின்வந்த ஆய்வாளர்கள் 12,000 அளவிற்கு மதிப்பிட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் முதியோரும் குழந்தைகளும் நெஞ்சு நோயுள்ளோருமே அவர்கள். 1956ஆம் ஆண்டிற் பிரித்தானியப் பாராளுமன்றம் தூய காற்றுச் சட்டத்தை நிறைவேற்றிற்று. இன்று செல்பவர் அந்தப் புகையைக் காணமாட்டார்.

புகையைப் பற்றிப் பேசும்போது நமது அடுப்புகளை மறக்க இயலவில்லை. ஆங்கிலேயர் நுவரெலியாவில் தம் ஊரைப் போலவே ஓர் ஊரை அமைத்தபோது கணப்பையும் புகைபோக்கியையும் கூடவே கொண்டுவந்தார்கள். 1876இல் நிறுவப்பட்ட ஹில் கிளப்பிலும் துரைமார் பங்களாக்களிலும் அவற்றை இன்றும் பார்க்கலாம். அதே தோட்டத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறைக்குப் புகைபோக்கி வேண்டும் என்று எவரும் கருதவில்லை. விறகடுப்பின் புகை அறைக்குள்ளேயே சுற்றிச் சுவரைக் கருக்கியது. அந்த அடுப்பே குளிருக்கு ஆறுதலாகவும் இருந்தது. இன்றும் தோட்டங்களிற் பெருந்தொகையான குடும்பங்கள் லயங்களிலேயே வாழ்கின்றன. எனவே, மலையகத்தவர் இலண்டனிற் காணும் பெரிய வியப்பு வெளியே இருக்கும் குளிரன்று. வீட்டுக்குள்ளே குளிர் இல்லாதிருப்பதே. குழாய்களில் ஓடும் வெந்நீர் அறைகளைச் சூடாக்குகின்றது. ஆனால் அச்சூட்டிற்கு விலை உண்டு. எரிபொருட் கட்டணத்திற்கு அஞ்சிக் கணப்பை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் முடங்கும் ஏழை முதியோர் அந்தச் செல்வ நகரிலும் இருக்கிறார்கள். சூடேறிய அறைக்காற்று மிகவும் உலர்ந்தது என்பதையும் சொல்லவேண்டும். உதடு வெடிக்கும், தொண்டை காயும்.

போர்வை என்றதும் கணித மேதை சீனிவாச இராமானுசன் நினைவுக்கு வருகிறார். 1914இல் கேம்பிரிட்ச் சென்ற அவர், இரவிற் குளிர் தாங்காது மேலங்கியை அணிந்து சால்வையைச் சுற்றிக்கொண்டு உறங்கினாராம். நண்பர் மகலனோபிசு படுக்கையை வந்து பார்த்தார். கம்பளிகள் போதிய அளவு இருந்தன. ஆயினும் ஆங்கிலேயர் வழக்கப்படி அவை மெத்தைக்கடியில் நன்கு செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்பது இராமானுசனுக்குத் தெரியாது, விரிப்பின்மேலேயே படுத்திருந்தார். எண்களின் ஆழத்தைக் கண்ட ஒருவருக்கே இதை ஒருவர் காட்டித்தர வேண்டியிருந்தது. ஆகவே, புதிய ஊரிற் கேட்டறிய நாணவேண்டியதில்லை.

உடையைப் பொறுத்தவரை நமது கொழுந்துப் பெண்களே நல்லாசிரியர்கள். சேலைக்கு மேற் சட்டை, இடுப்பிற் படங்கு, தலையிற் கம்பளி என்று அடுக்கடுக்காய் அணிவது அவர்கள் வழக்கம். உடைகளுக்கிடையே தங்கும் காற்றே உடற்சூட்டைக் காக்கின்றது. ஒரே தடித்த சட்டையிலும் மூன்று மெல்லிய சட்டைகளும் மழை புகாத ஒரு மேலங்கியும் மேலானவை. கையுறையும், வழுக்காத அடியுள்ள சப்பாத்தும் மறக்கலாகாதவை. நடைபாதையிற் படியும் பனிக்கட்டி கண்ணுக்குத் தெரிவதில்லை. முன்னாளிற் கொழும்பிலிருந்து கப்பலிற் போனவருக்கு ஏறக்குறைய மூன்று வாரப் பயணம். செங்கடலும் மத்தியதரைக் கடலும் கடந்து, உடல் படிப்படியாய்ப் பழகிற்று. இன்று கொழும்பின் 30 பாகை வெயிலில் விமானம் ஏறுபவர் ஏறக்குறைய பதினொரு மணி நேரத்தில் 4 பாகைக் குளிரில் இறங்குகிறார். மேலங்கியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டாமற் கையிலேயே கொண்டுபோவது நல்லது.

மலையகத்திலிருந்து இலண்டனுக்கு மனிதருக்கு முன்பே தேயிலை போயிற்று. ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரா தோட்டத்தில் 19 ஏக்கரிற் பயிரிட்ட தேயிலையில், 1873இல் 23 இறாத்தல் இலண்டன் போய்ச் சேர்ந்தது. தை முதல் பங்குனி வரை வீசும் உலர்ந்த குளிர்காற்றிற் கொழுந்து மெல்ல வளர்வதால் மணம் செறிகின்றது. ஹற்றனைச் சூழ்ந்த திம்புள்ளைத் தேயிலைக்கும் நுவரெலியாத் தேயிலைக்கும் உயர்ந்த விலை கிடைக்கும் பருவம் அதுவே. நம்மை நடுங்க வைக்கும் குளிர்தான் அவர்கள் கோப்பையிற் சுவையாகிறது. அந்தப் பெட்டிகள் தடையின்றிக் கடல் கடந்தன. அவற்றை நிரப்பியவர்களுக்கோ வழி இல்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் ஏறக்குறைய ஏழு இலட்சம் பேர் நாடற்றவராயினர். நாடற்றவருக்குக் கடவுச்சீட்டு ஏது? 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சியோரின் நிலை தீர 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இன்று ஒரு தோட்டத்துப் பிள்ளை பல்கலைக்கழக அனுமதிக் கடிதத்தோடு இலண்டனில் இறங்குகிறதென்றால், அந்தப் பயணத்துக்குப் பின்னால் இவ்வளவு நீண்ட காத்திருப்பு இருக்கிறது.

அப்படிச் செல்பவர் குளிர்காலத்தில் எதைப் பார்க்கலாம்? வெளியே நிற்க இயலாத நாட்களில் பிரித்தானிய அரும்பொருட்சாலை உண்டு. கட்டணம் இல்லை, உள்ளே வெதுவெதுப்பு. ஆளுநர் பிரவுன்றிக் 1830இல் கொடுத்த, இலங்கையிலிருந்து சென்ற பொன்முலாம் பூசிய தாராதேவி சிலையை அங்கே காணலாம். கியூ பூங்காவில் 1848இல் திறக்கப்பட்ட கண்ணாடிப் பனைமனைக்குள் நுழைந்தால், கொழும்புப் புழுக்கம் முகத்தில் அடிக்கும்; மூக்குக்கண்ணாடி மங்கிப்போகும். நமது ஹக்கல பூங்கா 1861இற் சிங்கோனாப் பயிரை ஆராயத் தொடங்கப்பட்டது என்பதை அறிந்தவர்க்கு அவ்விடம் அயலிடமாகத் தோன்றாது. கிறீனிச்சில் "கட்டி சார்க்" என்னும் பாய்மரக் கப்பல் நிற்கின்றது. சீனத் தேயிலை ஏற்றுவதற்காக 1869 நவம்பரில் அதை நீரில் இறக்கினார்கள். அதற்கு ஐந்து நாட்களுக்கு முன்னர்தான் சூயெஸ் கால்வாய் திறக்கப்பட்டிருந்தது. நீராவிக் கப்பல்களுக்குக் குறுக்கு வழி கிடைத்துவிட்டபடியால், அந்த அழகிய கப்பலின் தேயிலைத் தொழில் விரைவில் முடிந்துபோயிற்று.

தைப்பொங்கலன்று அங்கே இருப்பவர் எட்டு மணி வரை கதிரவனுக்காகக் காத்திருக்கவேண்டும். பல வேளைகளில் மேகத்தை நோக்கியே கைகூப்ப வேண்டியிருக்கும். அன்று பிற்பகல் ஓய்விருந்தால் மின்சிங் லேன் என்னும் சிறு தெருவுக்குப் போய்வரலாம். நமது தோட்டங்களின் விலையை நெடுங்காலம் நிர்ணயித்த தேயிலை வாணிபத்தின் தெரு அது. இலண்டன் தேயிலை ஏலம் 1998ஆம் ஆண்டு யூன் 29ஆந் திகதி கடைசி முறையாக நடைபெற்றது. 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலம் இன்றும் நடக்கின்றது. தெருவிற் பார்ப்பதற்கு அலுவலகக் கட்டிடங்களைத் தவிர அதிகம் இல்லை. ஆயினும் பார்க்க விரும்புவோர் மூன்று மணிக்கு முன்பே போவது நல்லது. அதன் பின் வெளிச்சம் மங்கத் தொடங்கும்.